எட்டு மணி நேரச் சராசரி

வாணியக்குடியில்
கடலுக்கும் சாலைக்கும் இடையே ஒரு தகரக் கொட்டகை.
வள்ளத்தின் அச்சுக்குள் கண்ணாடி நார் விரித்து
நாலு பேர் பிசின் உருட்டுகிறார்கள்.

கிளீட்டசின் காலரில்
சுண்டுவிரல் அளவு குழாய் ஒன்றைக் குத்துகிறேன்.
இடுப்பில் பம்பு.
அவர் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக் காற்றை
அது நாள் முழுக்க உறிஞ்சும்,
உள்ளிருக்கும் கரி பிடித்து வைக்கும்.
"இது என்னத்த உறியுது?"
நீங்க உறியுறதைத்தான் என்றேன்.
நல்ல தமாசு என்று மற்ற மூவருக்கும் சொன்னார்.

என் படிவம் கேட்கும்:
நாளுக்கு எத்தனை மணி நேரம்,
வாரத்துக்கு எத்தனை நாள்,
எத்தனை வருஷம்.
வருஷக் கணக்கு அவரிடம் இல்லை,
வள்ளக் கணக்கு இருக்கிறது.
"மொதல்ல எனக்க மச்சானுக்க வள்ளம்.
ஓக்கிக்கு முந்தி நூத்திப்பத்து.
பெறவு எண்ணல்ல."

எண்ணாததை நான் பெருக்க வேண்டும்.
வகுக்கிற இடத்தில் உடல் எடை,
எழுபது கிலோ என்று அச்சிலேயே இருக்கிறது.
கிளீட்டஸ் ஐம்பத்துமூன்று.
மீதிப் பதினேழு கிலோ
எந்த நாட்டுக்காரனுடையதோ.

மதியம் கஞ்சிக்கு முன்னால்
பெயிண்ட் வாளி அசிட்டோனில் கை கழுவினார்கள்,
நாலு பேருக்கும் ஒரே வாளி.
விரல்கள் வெளுத்து,
உப்பிலிட்ட நெல்லிக்காயின் தோல்.
"சோப்புக்குப் போவாது பிள்ளே, இதுக்குத்தான் போவும்."
'தோல் வழி' என்றொரு கட்டம் உண்டு.
டிக் போட்டேன்.

மணம் எப்படி இருக்கிறது?
"ஆதியில தலைய கிறக்கும்.
இப்ப ஒண்ணும் மணக்காது.
சாளை அழுகினதே
பிரிஸ்கா சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."
இதற்குக் கட்டம் இல்லை.

கடைசியாக நிற வில்லைகள்.
பதினைந்து, சட்டைப் பொத்தான் அளவு,
நீலத்தில் தொடங்கி ஊதாவில் முடிய
சாயலுக்குப் பக்கத்தில் சாயலாக அடுக்க வேண்டும்.
எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து
வாசல் வெளிச்சத்துக்குக் காட்டினார்.
நீலங்களில் இரண்டு இடம் மாறின.
வெளிறிய பச்சையின் அருகே
கடைசி ஊதா வந்து உட்கார்ந்தது.
பின்னால் கடல், கேட்பாரற்று.
"எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு?
சரியா, தப்பா?"
முடிவு கடிதத்தில் வரும் என்றேன்.
அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பும்போது வாசலில்
போன வாரம் முடித்த வள்ளம்.
உடமைக்காரர் கேட்ட நிறம் சீட்டில் ஒட்டியிருந்தது, நீலம்.
வள்ளம் பாசி நிறத்தில் நின்றது.
நான் சீட்டைப் பார்த்தேன், வள்ளத்தைப் பார்த்தேன்,
பஸ் வந்துவிட்டது.

மூன்று வாரத்தில் ஆய்வகச் சீட்டு.
ஸ்டைரீன் முப்பத்தெட்டு, எல்லை ஐம்பது.
எல்லைக்குள்.

நான் போனது மாசி.
இரண்டு கதவும் மலர்ந்து கிடக்க
கடற்காற்று உள்ளே வந்து வேலை பார்த்துவிட்டுப் போனது.
ஆனியில் சாரல் அடிக்கும்,
கடல் ஏற்காது,
ஓட்டை விழுந்த வள்ளம் எல்லாம் கொட்டகைக்கு வரும்.
ஈரம் பட்டால் பிசின் இறுகாது என்று
தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி
ராத்திரி பத்து வரை உள்ளேயே உருட்டுவார்கள்.
அந்த மூச்சு என் குழாயில் இல்லை.

சராசரி, பஞ்சாயத்து பேச வந்தவன் மாதிரி.
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் குறைத்துவிட்டு
காப்பி குடித்து எழுந்து போய்விடுவான்.

'பிற குறிப்புகள்' என்று ஒன்றரை வரி இடம்.
ஆனி இரண்டாம் வாரம், தார்ப்பாய் கட்டிய பின்,
மறு அளவீடு.
சாளைக்கு இடம் போதவில்லை,
ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.
அச்சடித்த எழுபதை அடித்து
மேலே ஐம்பத்துமூன்று.
யாரைக் கேட்டுத் திருத்தினாய் என்பார்கள்.

சாயங்காலம் போன் வந்தது.
"பிள்ளே, கடிதம் கிடக்கட்டு.
அந்த வள்ளத்த நீயும் பாத்தியல்லா?
உடமைக்காரன் வந்து நிக்கான்.
அது என்ன நிறம்?"